பால் வசதி உண்டு

என் மூத்த மகள் ஒன்றரை வயதாகியும் சுவரைப் பிடித்துக்கூட நிற்கவில்லை. அந்த வருஷம் கண்மாய் நிறையவில்லை. என் கணவர் அறுப்பு வேலை தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் போயிருந்தார். எனக்குப் பால் வற்றிவிட்டது. கேழ்வரகுக் கூழை ஊட்டினால் பாதியைத் துப்பிவிடுவாள்.

அப்போதுதான் பஞ்சாயத்துக் கட்டடத்தில் மெலிந்த பிள்ளைகளுக்குத் தினமும் பால்மாவு கரைத்து ஊற்றப் போவதாகத் தமுக்கு அடித்தார்கள். எல்லாருக்கும் இல்லை. குன்றாண்டார்கோவில் யூனியன் ஆபீசிலிருந்து ஓர் அம்மா வந்து வீடுவீடாகப் பார்த்து எழுதுவார். கறவை மாடு உள்ள வீட்டுக்கும், பால் வாங்க வசதியுள்ள வீட்டுக்கும் கிடையாது.

அவர் வருகிற அன்று விடியற்காலையிலேயே வாசல் தெளித்து, வீட்டை மெழுகி, பிள்ளைக்குத் தலைவாரி, இருந்த ஒரே நல்ல கவுனைப் போட்டுவிட்டேன். நம் வீடு தேடி வருகிறவர் முன்னால் பிள்ளையை அழுக்காகக் காட்டலாமா? கருப்பட்டி இருந்தது, காப்பித்தூளும் கொஞ்சம் இருந்தது. பால் இல்லை. பக்கத்து வீட்டு மதினி ஒரு செம்பில் கொண்டுவந்து நீட்டினார்.

"ஆபீஸ் அம்மா வாராங்க, வரக்காப்பியா குடுக்கப் போற? கன்னியாஸ்திரீ பள்ளிக்கூடத்துல எட்டாவது வரைக்கும் படிச்சு என்னத்தக் கண்டே? இந்தா, புடி."

சற்று நேரம் கழித்து அவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். மேய்ச்சலுக்கு என்று நினைத்தேன்.

ஆபீஸ் அம்மா நல்லவர்தான். பாயில் உட்கார்ந்து பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார். காப்பியை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"காப்பி நல்லாருக்கும்மா. பிள்ளைக்கு என்ன குடுக்குறே?"

"கூழுங்க."

"பால்?"

"எப்பவாச்சும்ங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார். பிறகு நோட்டில் எழுதினார். எனக்குத் தலைகீழாக இருந்தாலும் எழுத்து தெரிந்தது: பால் வசதி உண்டு.

அது இரவல் பால் என்று சொல்ல வாயெடுத்தேன். டம்ளரில் இன்னும் பாதிக் காப்பி இருந்தது. குடித்துக்கொண்டிருக்கிறவரிடம், உங்களுக்குக் கொடுத்தது அடுத்த வீட்டில் வாங்கியது என்று எப்படிச் சொல்வது? குடித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். முடித்ததும் நோட்டை மூடிவிட்டார். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

பதினைந்து நாள் கழித்துப் பஞ்சாயத்துக் கட்டடச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். கூடிய பெண்களில் படிக்கத் தெரிந்தவள் நான்தான். ஒவ்வொரு பெயராக நான் வாசிக்க, அவரவர் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரித்தார்கள். மதினியின் பெயரையும் நானே வாசித்தேன்.

"என்ன மதினி, மாடு இருக்கே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அத அன்னிக்கு எங்க அண்ணன் தோட்டத்துல கொண்டுபோய்க் கட்டிட்டேன்ல! ஒம் பேர வாசிக்கவே காணோம்?"

"இல்லைங்க."

"காப்பி குடுத்தியா இல்லையா?"

"குடுத்தேன்."

 மதினி தன் பிள்ளைக்கு ஊற்றுவதில் பாதி தருவதாகச் சொன்னார். நான் வாங்கவில்லை. வாங்கியிருக்க வேண்டும். என் வீம்புக்குப் பிள்ளையா பட்டினி கிடப்பாள்?

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குன்றாண்டார்கோவிலுக்கு நடந்தேன். ஆபீஸ் அம்மாவுக்கு என்னை நினைவிருந்தது. நடந்ததைச் சொன்னேன். மாட்டைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா. எழுதி மேல அனுப்பியாச்சு. ஆறு மாசத்துல திரும்பப் பாப்போம்."

அந்த ஆறு மாதத்தில் பிள்ளைக்கு இரண்டு முறை பேதி கண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவிலில் முழந்தாளிட்டு நான் கேட்டதெல்லாம் அடுத்த பட்டியல்தான்.

மறுபடி அவர் வந்தது சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில். நான் வீடு மெழுகவில்லை, பிள்ளைக்குத் தலை வாரவில்லை, பாய் விரிக்கவில்லை. அவர் நின்றுகொண்டே எழுதினார். நெற்றி வியர்வை நோட்டில் சொட்டியது.

"தண்ணி ஒரு வாய் குடும்மா."

எனக்கு என்ன பயமோ தெரியவில்லை. தண்ணீருக்கு எதை எழுதிவிடப் போகிறார்? ஆனாலும், "இன்னும் எடுத்துட்டு வரலைங்க," என்று சொல்லிவிட்டேன். உள்ளே குடம் நிறைந்திருந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன எழுதினார் என்று அந்த முறை நான் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்த பட்டியலில் எங்கள் பெயர் இருந்தது. பிள்ளை அந்தப் பாலைக் குடித்தாள், மழைக்காலத்துக்குள் நடந்தாள்.

அன்று ஆபீஸ் அம்மா குடையை விரித்துக்கொண்டு மதினி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டது என் காதில் விழுந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.