மஞ்சளாக மாறிய ஊற்றுநீர்

குடிநீர்க் குழாயில் கசிவு என்று மனு வந்தால் ஏழு நாளில் ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. சித்திரையில் எங்கள் வீட்டுக் குழாய் வறண்டதும் மனு கொடுத்தேன். அதே வாரம் பக்கத்துத் தோட்டத்து அம்மாவின் வறண்ட கிணற்றில் தண்ணீர் ஊறியது.

“சாமி கண்ணத் தொறந்துருச்சுங்க,” என்றார்.

ஊறும் இடத்தில் பிடித்த தண்ணீரில், கடையில் வாங்கி வந்த குளோரின் சோதனைத் திரவத்தைச் சொட்டினேன். மஞ்சளானது. “ஊற்றுத் தண்ணியில குளோரின் இருக்காதுங்க. இது எங்க குழாய்த் தண்ணி,” என்றேன்.

“மஞ்சன்னா நல்லதுதானுங்க. உங்கூட்டுக்குந் தெனம் ரெண்டு கொடம் அனுப்பட்டுங்களா?”

குடங்கள் வந்தன, பிறகு கத்தரிக்காயும் வந்தது. நினைவூட்டுக் கடிதம் எழுதும் முறை எனக்கு நன்றாகத் தெரியும், எழுதவில்லை. ‘தங்கள் பகுதியில் கசிவு ஏதுமில்லை’ என்ற பதில் வந்தது ஆடிப்பெருக்குக்கு மறுநாள்.