வாக்குமூலத்தில் நான் எழுதிய சொல்

என் மேசையில் ஒரு கார்பன் நகல் கிடக்கிறது. மலேசியாவில், குருணில் ஒரு ரப்பர் தொழிற்சாலை அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தபோது நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த வாக்குமூலம் அது. நீல எழுத்து மங்கிவிட்டது. நான்காவது வரி மட்டும் பார்க்காமலே தெரியும்: ஃபோர்மன் அண்ணனுக்கு அந்தக் காலையில் நடந்தது எதுவும் நினைவில்லை.

அன்று காலையில், காப்புத் தகடு இல்லாமல் ஓடிய உருளை எந்திரத்தில் சிக்கி ஒரு தொழிலாளி இறந்தார். தகட்டை அவரே கழற்றினார் என்றது நிர்வாகம். பக்கத்தில் நின்றவர் ஃபோர்மன் அண்ணன் ஒருவர்தான். இறந்தவரோடு ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். விசாரணையில் மேனேஜர் கேட்டதும் அண்ணன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஞாபகம் இல்லாம இல்ல தம்பி. எடுத்துச் சொல்லத்தான் வரமாட்டேங்குது. கொஞ்சம் பொறு லா" என்றார்.

அகராதி படிப்பதில் அப்போதே எனக்குப் பெருமை. ரிமெம்பர் என்றால் உள்ளே இருப்பது. ரீகால் என்றால் அதை முயன்று வெளியே வரவழைப்பது. அண்ணனிடம் முதலாவது இருந்தது, இரண்டாவதற்கு நேரம் கேட்டார். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் 'நினைவில்லை' என்று தட்டினேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அண்ணன் கையெழுத்துப் போட்டார்.

பழி செத்தவர் மேல் விழுந்தது. பெண்டாங்கில் இருந்த தன் தம்பி வீட்டுக்குக் குடிபோகுமுன் இறந்தவரின் மனைவி என்னிடம் கேட்டார்: "ஒரு ஸ்க்ரூவக்கூட ரெண்டு தடவ பாத்துப் பூட்டுற மனுசன். அவரா கழட்டுனாரு தம்பி?"

"பேப்பர்ல அப்படித்தான் இருக்கு அக்கா" என்றேன்.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் மாதா கோயிலில் இறந்தோர் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பூசையில் வாசிக்கப் பட்டியலாக்குபவன் நான். அவ்வாண்டு அண்ணன் தந்த சீட்டில் அந்த இந்து நண்பரின் பெயர் இருந்தது. கீழே பென்சிலில்: 'காலை பத்து இருபது. தகட்டைக் கழற்றச் சொன்னது மேனேஜர்.' ஒவ்வோர் ஆண்டும் அதே இரண்டு வரி. அது எனக்கு எழுதியது என்று தெரிந்தே பெயரை மட்டும் பட்டியலில் ஏற்றினேன். ரிமைண்ட் என்றால் நினைவூட்டுவது, பிறர் நமக்குச் செய்வது. சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோப்பில் வைத்தேன்.

போன மாதம் அண்ணன் மெர்கோங்கில், மகள் வீட்டில் இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் கோப்பையும் கார்பன் நகலையும் எடுத்துக்கொண்டு பெண்டாங் போனேன். அக்காவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

"ஒனக்கு எப்ப தம்பி ஞாபகம் வந்துச்சு?" என்றார்.

எதற்கும் தேதி சொல்லும் எனக்கு அதற்குச் சொல்ல ஒரு தேதி இல்லை. மறந்திருந்தால்தானே ஞாபகம் வருவதற்கு.

அக்கா சீட்டுகளை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார். கார்பன் நகலை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

"இது ஒன்னோடது லா. நீயே வெச்சிக்க."