துண்டால் துடைத்த ஊசி

புதூர்ப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸாக இருந்தேன். எண்பதுகளின் கடைசியில் ரேடியோவில் எய்ட்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அதுவரை தலைவலிக்குக்கூட "ஒரு ஊசி போட்டு விடுங்க சிஸ்டர்" என்று மல்லுக்கு நின்ற சனம், என் கையில் சிரிஞ்சைக் கண்டாலே பின்வாங்கியது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கொதிக்க வைக்காத ஊசியை ஒரு நாளும் யாருக்கும் போட்டவளில்லை நான்.

அந்தச் சமயத்தில்தான் ஆடு மேய்க்கும் பெருமாள்சாமியை வெறிநாய் கடித்தது. தொப்புளைச் சுற்றித் தினமும் ஊசி போட்டாக வேண்டும். போடாவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார். அவரோ வாசற்படியைத் தாண்ட மறுத்தார்.

"ஒருத்தனுக்குக் குத்துன ஊசில சீக்கு ஒட்டிக்கிடுமாமே சிஸ்டர். நாய்க்கடில செத்தா ஊரு அழும். அந்தச் சீக்குல செத்தா ஊரு என்ன பேசும்? எம் பொஞ்சாதி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"செத்தப்புறம் யாரு மூஞ்சில முழிக்கப் போறீங்க அண்ணாச்சி? உள்ள வாங்க!"

வரவில்லை. மறுநாள் கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப் போய்ப் புது ஊசி வாங்கி, அதைத் தீப்பெட்டிக்குள் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். கையில் ஓர் அலுமினியச் சட்டி. அவர் ஊசி அவர் சட்டியில்தான் வேக வேண்டுமாம். உயிர் விஷயமாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டவ்வை வராந்தாவுக்குத் தூக்கி வந்தேன். எங்கள் சிரிஞ்சையும் அந்தச் சட்டியிலேயே போட்டேன். சோறு பதம் பார்ப்பது போல அவர் குனிந்து குனிந்து பார்த்தார்.

மருந்தை எடுத்து வர உள்ளே போய்த் திரும்புவதற்குள், தண்ணீரை வடித்து, ஊசியைத் தோள்துண்டால் அழுத்தித் துடைத்து நீட்டினார். துண்டில் ஆட்டு வாடை குப்பென்று அடித்தது.

"ஈரமா இருந்துச்சு சிஸ்டர். சுத்தமாத் துடைச்சிட்டேன்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மறுபடியும் கொதிக்க வைத்தேன். ஃபோர்செப்ஸால் எடுத்ததும், கூர் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். மூன்றாவது தடவை கொதிக்க வைத்து எடுக்கும்போது கத்தியே விட்டேன்.

"ரெண்டு கையையும் தலையில வைங்க! நான் சொல்லுத வரைக்கும் எடுக்கப்படாது!"

வைத்தார். ஊசி ஏறியது.

அதன் பிறகு தினமும் ஸ்டவ்வுக்கு முன்னால் தலையில் கை வைத்து நிற்பார். ஊசி கொதிப்பதைக் கண்ணால் பார்த்து மறுபடி ஊசிக்கு வர ஆரம்பித்த சனமும், அதுதான் சீக்கு ஒட்டாமலிருக்க வழி போலிருக்கிறது என்று வரிசையில் நின்றபடியே தலையில் கை வைத்துக்கொண்டது. ஒரு நாள் ஜீப்பில் வந்திறங்கிய டாக்டர் திகைத்துப்போனார்.

"என்னம்மா இது, போலீஸ் ஸ்டேஷனா?"

பெருமாள்சாமி முந்திக்கொண்டார். "இல்லய்யா. அந்தம்மா கை சுத்தமாத்தான் இருக்கு. எங்க கையத்தான் நம்ப முடியல."

ஸ்டவ் அப்புறம் உள்ளே போகவே இல்லை. அத்தனை வருஷமாக உள்ளறையில் நான் கொதிக்க வைத்ததை யார் கண்டார்கள்? சனம் பயந்ததில் தப்பே இல்லை. நாம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, அது அவர்கள் கண்ணிலும் பட வேண்டும்.

பெருமாள்சாமி பிழைத்துக்கொண்டார். இன்றைக்கும் வழியில் என்னைக் கண்டால் கும்பிடுவதில்லை. இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொள்கிறார்.