விலை சொல்லாத சிவப்புச் சேலை

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் பிழைக்க, இலங்கையின் மஸ்கெலியாவில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசலில் நின்று கைபேசி நேரலையில் சேலை விற்கத் தொடங்கினேன்.

"மொத சேலைய செத்துப்போன ஒங்க அத்தைக்குப் படைச்சிட்டு வில்லும்மா," என்றார் அம்மா.

"அத்தை ஆன்லைன்ல வாங்குவாங்களா?" என்று சிரித்தேன்.

முதல் நாள் பலர் பார்த்தார்கள், ஒருவரும் வாங்கவில்லை. திடீரென்று ஒருத்தி எழுதினாள்: "பின்னால நிக்கிற அக்கா கட்டியிருக்க சிவப்புச் சேலை என்ன விலை?"

இன்னொருத்தியும் அதையே கேட்டாள். திரும்பினேன். மூடுபனியும் தேயிலைச் செடிகளும்தான் இருந்தன. என்னிடமிருந்த ஒரே சிவப்புச் சேலை, இன்னும் பிரிக்காத கட்டுக்குள் கிடந்தது.

மாலையில் அதை அத்தை படத்தின் முன் வைத்தோம்.

"பாத்தியா, ஆன்லைன்லயே கேட்டுட்டாங்க," என்றார் அம்மா.

இன்று வியாபாரம் நன்றாக நடக்கிறது. நேரலையில் நிற்கும்போது மட்டும் நான் பின்னால் திரும்புவதில்லை.