ஜனவரியில் பூத்த மே மாதப் பூ

சொன்னால் சிரிப்பீர்கள், பரவாயில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். நான் நர்ஸ். பன்னிரண்டு வருஷமாகப் பிணங்களைத் துடைத்து, கட்டி, அனுப்பிவைத்த கை இது. பேய், சகுனம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் இது பட்டப்பகலில், அந்தமானில் புரோத்ராபூரில், எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நடந்தது.

அதற்கு முந்தைய கோடையில் எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வந்தது. குடிக்கவே பற்றவில்லை, செடிக்கு எங்கே ஊற்றுவது? நான் அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தேன். மல்லி, செம்பருத்தி எல்லாம் சருகாகிவிட்டன. மே மாத லில்லி என்று ஒரு பூ, செக்கச்செவேலென்று பந்து மாதிரி இருக்கும், வருஷத்துக்கு ஒரே தடவை, மே மாத மழைக்குத்தான் மண்ணைப் பிளந்துகொண்டு வரும். அதன் கிழங்குகளைத் தோண்டிப் பார்த்தேன், உள்ளே வெறும் பொடி. ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குப்பை வண்டியில் போட்டேன், என் கையால்.

பிறகு மழை வந்தது, தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழைத்தது, ஆகஸ்டில் மகளும் பிறந்தாள். ஜனவரி இளவெயில் நல்லது என்று தினமும் பத்து மணிக்கு அவளுக்கு எண்ணெய் தேய்த்து, கொல்லை நடுவில் பாய் விரித்துக் கிடத்துவேன்.

அன்று காலை கதவைத் திறக்கிறேன், பாய் விரிக்கும் அதே இடத்தைச் சுற்றிப் பதினொரு மே மாத லில்லி. முந்தின நாள் மாலை அங்கே ஒரு மொட்டுகூட இல்லை. கயிறு பிடித்து நட்டதுபோல் வட்டமாக நிற்கின்றன.

பக்கத்து வீட்டு வங்காளி, மாலதி தீதி, வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து வாயில் கை வைத்தார். "அரே பெஹன், யே தோ மயீ கா ஃபூல் ஹை! அபி கைசே?"

மே மாதப் பூ இப்போது எப்படி என்று கேட்டால், எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல.

"கெழங்கு ஏதாவது தப்பிச்சுக் கெடந்திருக்கும்" என்று என் வீட்டுக்காரர் ஒரு பூவை இழுத்தார். சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் கிழங்கு இல்லை, வேரும் இல்லை. விரலால் தோண்டிப் பார்த்தார், வெறும் மண். அவர் முகமே மாறிவிட்டது. கையிலிருந்ததை அங்கேயே போட்டுவிட்டு, "எல்லாத்தையும் பிடுங்கிடவா?" என்றார்.

"இருக்கட்டும்ங்க, ஆபீஸ் போயிட்டு வந்து பாத்துக்கலாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேனோ, தெரியாது. பூவை மிதிக்க மனமில்லாமல் அன்று பாயை வராந்தாவில் விரித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பத்தரை இருக்கும். பாப்பா காலை உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டை முறிவதுபோல் ஒரு சத்தம். நிமிர்ந்தேன். அந்த வட்டம் முழுக்க, பூவோடு, மண்ணோடு, அப்படியே உள்ளே போய்க்கொண்டிருந்தது. பாப்பாவை வாரி எடுத்து நெஞ்சோடு அழுத்தியதில் அவள் வீறிட்டாள், அதைக் கேட்டுத்தான் தீதி ஓடி வந்தார்.

புழுதி அடங்கியதும் பார்த்தால் கிணறு. மூன்று ஆள் ஆழம். எந்தக் காலத்திலோ பலகை போட்டு, மேலே மண் கொட்டி மூடியிருக்கிறார்கள், பலகை உளுத்துப்போயிருக்கிறது. அதுவரை சரி, புரிகிறது. மத்தியானம் ஆட்கள் இறங்கிப் பலகையையும் மண்ணையும் கூடை கூடையாக மேலே அனுப்பினார்கள். நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு சிவப்பு இதழ்கூட வரவில்லை.

சாயங்காலம் என் வீட்டுக்காரர், எங்களுக்கு வீட்டை விற்றவருக்கு போன் போட்டார். நாலு வருஷத்துக்கு முன்பு விற்றுவிட்டு மெயின்லேண்டுக்குப் போனவர், அதன்பிறகு பேச்சே கிடையாது. ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, கொல்லையில கெணறு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலையே? இன்னிக்கு மண்ணு உள்ள போயிடுச்சு."

அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, "அதுக்கு முன்னாடி பூ பூத்துச்சா தம்பி?" என்றார்.

பூவைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்குக் குழந்தை பிறந்ததுகூட அவருக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் "ஆமா" என்றார்.

"இந்தத் தடவையாவது கொழந்தை தப்பிச்சுதா?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அதன்பிறகு எத்தனை தடவை அடித்தும் அவர் எடுக்கவே இல்லை.