ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் இலவசங்கள்

எங்கோ ஓர் ஊரில் யாரோ அறிவிக்கும் இலவசமெல்லாம் கடைசியில் வந்து சேருமிடம், என்னைப் போல ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்திருப்பவர்களின் மேஜைதான்.

எங்கள் கடை கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை ஜங்ஷனுக்குப் பக்கத்தில். அம்பூரியில் ரப்பர் வெட்டும் அப்பாவின் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அரசு வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டே இங்கே வேலை பார்க்கிறேன். இதை வாசிக்கும் உங்களிலும் பலர் 'முதல் மாதம் இலவசம்' என்பதை அழுத்திவிட்டு, பிறகு வங்கி மெசேஜை இரண்டு முறை படித்துப் பார்த்திருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம், எங்கள் கடைக்கு வந்தால் உங்களுக்குக் கூட்டாளிகள் நிறைய உண்டு. பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் பிலோமினா அக்காவுக்கு ஒரு வாடகை வீட்டின் அட்வான்ஸே இப்படித்தான் போனது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முதலில் இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கவரில் வைக்கும் காசு

ஆட்டோ ஓட்டும் சுகுமாரன் அண்ணன் தன் மகளுக்காக ஓர் ஆங்கிலப் பயிற்சி ஆப் இறக்கினார். ஒரு வாரம் இலவசம். சரிபார்க்க ஒரு ரூபாய் மட்டும் அனுப்பினால் போதும் என்றது. அண்ணன் பின் நம்பரைப் போட்டார். அந்தத் திரையின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்த வாசகம், மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள அவர் அனுமதி கொடுத்துவிட்டதாகச் சொன்னது. ஆட்டோபே என்பது இதுதான்.

"இலவசம் என்றால் ஒரு ரூபாய் எதற்கு என்று சந்தேகம் வரவில்லையா அண்ணா?" என்று கேட்டேன். அவர் என்னைத்தான் விசித்திரமாகப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் கல்யாண வீட்டுக் கவரில் ஐந்நூறு வைத்தாலும் ஆயிரம் வைத்தாலும் மேலே ஒரு ரூபாய் சேர்க்காமல் கொடுக்கமாட்டார்கள். நல்ல காரியத்துக்கு அடையாளம் அது. "ஒரு ரூபாயெ கண்டா நமக்கு மங்களமாக்கும் பிள்ளே, அதிலெ களவு இருக்கும்னு யாரு நெனைப்பா?"

அழித்த பிறகும்

ஆப்பை அழித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். சுகுமாரன் அண்ணனும் அப்படித்தான், என்னிடம் காட்டுவதற்கு முன்பே அழித்திருந்தார். பணம் போவது நிற்கவில்லை. ஆப் போனாலும் அனுமதி வங்கிக் கணக்கில் இருக்கிறது, அதைத் தனியாகப் போய் ரத்து செய்ய வேண்டும் என்று விளக்கினேன்.

பக்கத்தில் ஜெராக்ஸ் எடுக்க நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள, அண்ணன் சொன்னார்: "பிணங்கிப் போன பெண்டாட்டிக்குச் செலவுக்குக் கொடுக்கச் சொன்னா அதிலெ ஒரு நியாயம் உண்டு, இவளெ நான் ஒரு நாளும் கண்டதே இல்லியே!"

முகத்தைத் திருப்பும் வேலை

ரத்து செய்வதற்கும் பின் நம்பர் வேண்டும். இங்கேதான் எனக்குப் பயம். அடுத்தவர் போனைக் கையில் வாங்கிய பிறகு அதிலிருந்து எது போனாலும் பழி, போனை வாங்கியவள் மேல்தான் விழும். அதனால் ஒரு முறை வைத்திருக்கிறேன். போன் அவர்கள் கையிலேயே இருக்கும். எங்கே தொட வேண்டும் என்று பேனா முனையால் காட்டுவேன். பின் நம்பர் போடும்போது நாற்காலியோடு சுவர் பக்கம் திரும்பிக்கொள்வேன். கண் தெரியாமல் தவறாகப் போட்டால் மறுபடியும் திரும்புவேன். இதற்குக் கூலி வாங்குவதில்லை. என்ன என்று சொல்லி வாங்குவது?

கடை முதலாளி ரசலையன் அண்ணனுக்கு இது பிடிக்காது. கோபித்துக்கொள்ளமாட்டார். ஜெராக்ஸ் மிஷினைத் துடைத்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்: "மோளெ, நீ செவரெ பாத்து இருக்க நேரத்துக்கு, செவரு எனக்கு வாடகை தரணும் கேட்டியா?"

சிட்டி

ஒரு வெள்ளிக்கிழமை, மீன் விற்றுத் தீர்ந்த சருவப் பாத்திரத்தை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு பிலோமினா அக்கா உள்ளே வந்தார். "மக்ளே, எனக்க சிட்டியெ எடுத்துத் தா. காரக்கோணம் பக்கம் ஒரு வீடு பேசியிருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ளெ அட்வான்ஸ் கொடுக்கணும். இந்த மழைக்குக் கடலு அடுக்களைக்குள்ளெ வந்துரும்."

"எந்தச் சிட்டி அக்கா?"

"மாசாமாசம் அக்கவுண்டிலெ பைசா வெட்டுதானே, அது ஆக்கும். சேரும்போ எவர்சில்வர் பாத்திரம்கூடத் தந்தானே!"

சீட்டுப் பிடிப்பதை நாங்கள் சிட்டி என்போம். இங்கே சிட்டி கம்பெனிகள் சேருகிறவர்களுக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். அக்காவுக்கு வந்த பாத்திரமோ, கூரியருக்கு ஒரு ரூபாய் மட்டும் என்று போனில் வந்த இலவசம். அன்று போட்ட பின் நம்பரில் அவர் ஏதோ ஓர் உடல்நலச் சந்தாவில் சேர்ந்திருந்தார். பரிசும் வந்தது, மாதாமாதம் பணமும் போனது, ஆகவே சிட்டிதான் என்று உறுதியாக இருந்தார். ஒரு வருஷத்துக்கு மேலாக, வெட்டும் தேதி நெருங்கினால் மிச்ச மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டாவது கணக்கில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொண்டாராம். தவணை தவறக்கூடாதே.

சர்வர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். நாளை கழிந்தால் ஞாயிறு. இது சிட்டி இல்லை, ஏமாற்று என்று சொல்லிவிட்டேன். அக்கா சும்மாட்டுத் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "சிட்டின்னா ஆளு கூடினதாக்கும். அப்ப எனக்க சிட்டியிலெ நான் ஒருத்தி மட்டும்தானா மக்ளே?"

மன்னிப்பு

அன்றே அனுமதியை ரத்து செய்தோம். போன பணத்துக்காகக் கம்பெனிக்கு எழுதினேன். வங்கியில் கேட்டபோது, பின் நம்பர் போட்டது நீங்கள்தானே என்றார்கள். போலீஸின் இணையதளத்திலும் புகார் பதிந்தேன். பிரிண்ட் எடுத்த தாளுக்கு ரசலையன் அண்ணன் பணம் வாங்கவில்லை.

கம்பெனியின் பதில் மறுநாளே மரியாதையான ஆங்கிலத்தில் வந்தது. கடைசி மாதத் தொகையை மட்டும் திருப்பித் தருவார்களாம். சேவையைப் பயன்படுத்தாதது வாடிக்கையாளரின் விருப்பமாம். ஏற்பட்ட சிரமத்துக்காக, ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று மாதச் சந்தா இலவசமாம். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். "இனியும் ஃப்ரீயா? அவனுக்கு என்னெ விடவே மனசில்லெ போலிருக்கே!"

வீடு

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குப் படிப்பு ஓடவில்லை. திங்கட்கிழமை அக்கா வந்தார். இருந்த பணத்தோடு வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்திருக்கிறார். அவர் நல்ல மனிதர்தான். மீதி அட்வான்ஸை மாதாமாதம் கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்தார். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஒவ்வொரு மாதமும் கேட்டு வாங்குவது அவருக்குச் சங்கடம், அதனால் அக்காவின் போனில் ஆட்டோபே வைத்துவிட வேண்டும்.

அக்கா மறுத்துவிட்டார். முழு வீடு இல்லாவிட்டால் பின்பக்கத்து அறை ஒன்றைத் தாருங்கள், அதற்கு இந்தப் பணம் போதும், வாடகையை நானே கையில் கொண்டுவந்து தருகிறேன் என்றாராம். அறை கிடைத்தது. கட்டிலும் பெட்டிகளும் அதில் அடங்கா. அவை பொழியூரில் தங்கச்சி வீட்டில் கிடக்கும். நல்ல வீட்டை விட்டுவிட்டீர்களே அக்கா, இவர் ஏமாற்றமாட்டாரே என்று நான் ஆற்றாமையோடு கேட்டேன். அக்கா சருவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "தானா வந்து எடுக்கதுக்குக் கடலு ஒண்ணு போதும் மக்ளே, பைசாயெ நான் நடந்து போய்க் கொடுத்துக்கிடுதேன்."

சரி என்று சொல்ல இந்த நாட்டில் ஒரு விரல் போதும், வேண்டாம் என்று சொல்லத்தான் ஒரு பி.காம். பட்டதாரியைச் சுவரைப் பார்த்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.