காத்திருப்போர் பட்டியலில் கிடங்கு

எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் லைன் அக்கா. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு டெலிபோன் ஆபரேட்டராக வந்து சேர்ந்தவர். குழாயும் வால்வும் மொத்த வியாபாரம் செய்கிற கம்பெனிக்கு நாளெல்லாம் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். "லைன்ல இருங்க" என்று அவர் சொன்னால், எரிந்து விழ வந்தவன்கூட அடங்கிப்போவான். ஒருமுறை தவறான எண்ணுக்கு அழைத்துவிட்ட பஸ் டிரைவர் ஒருவர், அந்தக் குரலைக் கேட்பதற்காகவே மறுநாளும் தவறாக அழைத்தார். அப்புறம் அவரைத்தான் அக்கா கட்டிக்கொண்டார். அலுவலக போனில் நடந்த ஒரே உருப்படியான காரியம் அது என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாரையாவது காக்க வைத்தால் நடுநடுவே லைனுக்குத் திரும்பி வந்து, "மறக்கலைங்க, அவர் இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. லைனில் இருக்கிறோமா, அறுந்துபோனோமா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதுதான் மனுஷனுக்குப் பெரிய கொடுமை என்பார்.

நோய் வந்து ஊரையே பூட்டியபோது அழைப்புகளை இணைக்கிற டெலிபோன் போர்டும் அலுவலகத்துக்குள் மாட்டிக்கொண்டது. அக்காவின் வேலை போயே போய்விட்டது என்றுதான் நினைத்தோம். அதற்குள் முதலாளி ஒரு மென்பொருள் வாங்கினார். கூட்டம், உரையாடல், கோப்பு எல்லாம் அதற்குள்ளேயே நடக்குமாம். அதை நிர்வகிக்க ஓர் ஆள் வேண்டுமென்று அக்காவிடம் கொடுத்தார். கம்ப்யூட்டர்காரர் போனிலேயே சொல்லிக்கொடுக்க, ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொண்டார். "இதுவும் போர்டுதான், வயர்தான் இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கடை விரித்தார். பஸ் ஓடாததால் வீட்டில் சும்மா இருந்த கணவர், இடுப்பில் துண்டோடு கேமராவுக்குக் குறுக்கே போய் ஒருநாள் முதலாளியின் பேச்சையே நிறுத்திவிட்டார்.

தினமும் காலை பத்து மணிக்கு வியூகக் கூட்டம். பெயர்தான் பெரிது. விற்காத சரக்குக்கு யார் தலையை உருட்டுவது என்பதுதான் அங்கே நடக்கும் பேச்சு. திரையில் எங்களுக்கு ஆள் பெயர் கிடையாது, பிரிவின் பெயர்தான். ஆள் வருவான் போவான், வேலைதான் நிற்கும் என்பது முதலாளியின் கொள்கை. அதனால் நான் 'கணக்கு'. இன்னொருவர் 'விற்பனை'. அக்காவுக்கு 'அனுமதி'. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் காத்திருப்போர் பட்டியலில் போய் விழுவோம், அக்காவுக்கு 'டிங்' என்று கேட்கும். அக்கா பொத்தானை அழுத்தினால்தான் கூட்டத்துக்குள் வர முடியும். கூட்டம் முடியும்வரை அவர் மைக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை பேசியதில்லை.

'கிடங்கு' என்பவரை நாங்கள் ஸ்பீக்கர் என்போம். கிடங்கின் இந்தக் கோடியில் நின்று அவர் கூப்பிட்டால் அந்தக் கோடியில் லாரிக்காரன் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருவான். நோய் முதலில் பிடித்தது அவரைத்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் பத்து மணிக்குப் படுக்கையிலிருந்தே கூட்டத்துக்கு வந்துவிட்டார். முகத்தில் மாட்டிய குழாயோடு கையாட்டினார். ஏதோ சொல்ல ஆரம்பித்தார், முடிக்க முடியவில்லை. மைக்கை மூடத் தெரியாததால் அவருடைய மூச்சு மட்டும் கூட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்தது நாமா என்றுதான் ஒவ்வொருவருக்கும் ஓடியது.

கூட்டம் முடிந்ததும் முதலாளி அக்காவுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். பாவம், அவர் ஓய்வெடுக்கட்டும், இனி உள்ளே விட வேண்டாம், மற்றவர்கள் பயப்படுகிறார்கள் என்று. வெளியே கேட்டால் கருணைபோலத்தான் இருக்கும்.

மறுநாளும் பத்து மணிக்குக் 'கிடங்கு' வந்து நின்றது. அக்கா அழுத்தவில்லை. அதற்கடுத்த நாளும் வந்தது. காத்திருக்கிறவரின் திரையில், சற்று நேரத்தில் உள்ளே அனுமதிப்பார்கள் என்று மென்பொருளே ஒரு வாக்குறுதி கொடுத்துவிடும். அதை நம்பியோ நம்பாமலோ அவர் கூட்டம் முடியும்வரை அங்கேயே இருப்பார். நாங்கள் கலையும்போது அந்தப் பெயரும் மறையும். அவருக்கு ஒரு வரி எழுதி அனுப்பலாம் என்று அக்காவின் கை பலமுறை போயிருக்கிறது. என்னவென்று எழுதுவது? உங்களைப் பார்க்க இவர்களுக்குப் பயமாக இருக்கிறது என்றா? கை திரும்பி வந்துவிடும்.

பிறகு ஒருநாள் அந்தப் பெயர் வரவில்லை. மத்தியானம் சாவுச் செய்தி வந்தது. குழுவில் எல்லோரும் கும்பிடும் கை படம் போட்டார்கள். 'விற்பனை' மட்டும் பதற்றத்தில் கட்டைவிரலை உயர்த்திவிட்டு, அப்புறம் அழித்தார். கிடங்கைப் பார்த்துக்கொள்ள 'கிடங்கு 2' என்று வேறொருவர் வந்தார். முதலாளியின் கொள்கை சரியாகத்தான் நடந்தது.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, பத்து மணிக்குப் பட்டியலில் 'கிடங்கு' வந்து நின்றது.

'கிடங்கு 2' ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து சரக்குக் கணக்கைப் படித்துக்கொண்டிருந்தார். வெளியே இன்னொரு கிடங்கு நின்றது. கூட்டம் முடியும்வரை நின்றுவிட்டு மறைந்தது. மறுநாளும் வந்தது. கம்ப்யூட்டர்காரரிடம் கேட்டதற்கு, பழைய கணக்கு எதிலாவது ஒட்டிக்கொண்டிருக்கும், சர்வரில் கோளாறாக இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். கணவர் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று திரையைப் பார்த்தார். இரண்டு பஸ் மோதியபோதும் கலங்காத மனுஷன் சத்தமில்லாமல் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அக்கா பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் பத்து மணிக்கு ஒலிக்கும் அந்த 'டிங்' காதில் விழுந்துகொண்டே இருந்ததாம். அழுத்தினால் யார் வருவார் என்ற பயம் ஒரு பக்கம். அழுத்தாமலே இருந்துவிட்டோமே என்ற வேதனை அதைவிடப் பெரிதாக இருந்தது.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அந்தக் கணக்கையே நீக்கிவிடுங்கள், நாளைக் கூட்டத்துக்குள் முடித்துவிடுங்கள் என்றார். நீக்கினால் அந்தப் பெயரில் வருகிறவர் யாராக இருந்தாலும் இனி வரவே முடியாது.

மறுநாள் முதலாளி அடுத்த ஆண்டு வியூகத்தை விளக்கிக்கொண்டிருந்தார். படங்கள், அம்புக்குறிகள். நடுவில் திரையின் மூலையில் ஒரு கட்டம் திறந்தது. 'கிடங்கு' என்று எழுதியிருந்தது. அக்கா யாரையும் கேட்காமல் அழுத்திவிட்டார்.

முதலில் சுழலாத ஒரு மின்விசிறி தெரிந்தது. பிறகு போன் ஆடி, ஒரு பெண்ணின் பாதி முகம். முதலாளியின் அம்புக்குறிகள் நின்றுவிட்டன.

"நான் அவரோட வீட்டுக்காரிங்க" என்றார் அந்த அம்மா. துணிமணியோடு போனையும் உறையில் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். சார்ஜ் போட்டதிலிருந்து தினமும் பத்து மணிக்குக் கூட்டம் என்று அது கூப்பிடுகிறதாம், இவரும் அதை அழுத்திவிட்டுக் காத்திருந்தாராம். "எங்க யாரையும் உள்ள விடலைங்க. அவரு தினமும் உங்ககூட பேசிட்டுதான் என்கிட்ட பேசுவாரு. யார் என்ன சொன்னாங்க, யார் சிரிச்சாங்க, எல்லாம் சொல்வாரு. அவரைத் தனியா விடாம பார்த்துக்கிட்டீங்க. அதுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன்."

அந்த அம்மா போனைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். இப்போது முழு முகமும் தெரிந்தது.

"ஆனா தினமும் காத்திருங்க, காத்திருங்கன்னே வந்துச்சு. நேத்து அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தப்போ ஒண்ணு தோணுச்சு. அவருக்கும் இதேதான் வந்துச்சா?"

முதலாளிதான் முதலில் சுதாரித்தார். "அப்படியெல்லாம் இல்லம்மா, அவரு இல்லாம நாங்க ஒருநாளும்" என்று ஆரம்பித்தவரின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர் மைக்கின் மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அதைப் போடும் அதிகாரம் ஒருவரிடம்தான் இருந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக 'அனுமதி' பேசியது.

"ஆமாங்க. இதேதான் வந்துச்சு. அவரு வெளியே நிக்கிறது எனக்குத் தெரியும். கூட்டம் முடியுறவரைக்கும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

அந்த அம்மா அழவில்லை. திட்டவுமில்லை. யோசித்துக்கொண்டிருந்தார்.

"கணக்குல இருக்கிறவரு சொன்னதுன்னு ஒரு ஜோக் சொன்னாருங்க. இருமலோட சொன்னாரு. நான் ரெண்டு நாள் நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன். அதையும் அவரேதான் யோசிச்சுச் சொன்னாரா?"

"ஆமாங்க. அவரேதான்" என்றார் அக்கா. அக்காவிடம் அப்படியொரு குரலை அதற்குமுன் நாங்கள் கேட்டதில்லை. கட்டம் மூடிக்கொண்டது. அதன் பிறகு அந்தப் பெயர் பட்டியலுக்கு வரவேயில்லை.

முதலாளி அக்காவை ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல முகம் வேண்டுமே. அலுவலகம் திறந்ததும் அக்கா மென்பொருளை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுத் தன் போர்டுக்கே திரும்பிவிட்டார். இப்போதும் பத்து மணி ஆனால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு எதையோ உற்றுக் கேட்பார். என்னக்கா என்றால், ஒன்றுமில்லை, டிங் என்று கேட்ட மாதிரி இருந்தது என்பார்.

நான் ஜோக் சொல்கிற ஆளே இல்லை, கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். என் பெயரில் அவர் என்னதான் சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது என்று ஒருநாள் அக்காவிடம் சொன்னேன். அந்த அம்மாவின் வீட்டு எண் அவரிடம் இருந்தது. லைன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.